தலைக்கு மேலே 650 கோடி சூரியன்கள்

தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து எம்.ஜி. ரோடு வழியாகப் போனால் ஸ்டாச்சுவை அடுத்து யூனிவர்சிட்டி காலேஜ் வருகிறது. ஈர்ப்பு விசை ஆய்வில் உலகப் புகழ் பெற்ற தாணு பத்மநாபன் (1957-2021) படித்த கல்லூரி. பாளையத்தைக் கடந்து மேட்டில் ஏறினால், 1837-ல் சுவாதித் திருநாள் மகாராஜா நிறுவிய வானாய்வு நிலையம். கீர்த்தனைகள் இயற்றிய அதே ராஜாதான். ஆலப்புழையில் வணிக ஏஜென்டாக இருந்த ஜான் கால்டிகாட் என்ற வெள்ளைக்காரரைக் கூப்பிட்டு இதன் முதல் இயக்குநராக்கினார்.

நான் போனது ஏப்ரல் நடுவில், ராத்திரியில். காரணம் இருக்கிறது. அந்த நாட்களில் இரவு 11 மணிக்கு மேல், கன்னி ராசியில் உள்ள எம்-87 என்ற கேலக்ஸி இந்த நகரத்தின் உச்சிக்கு வந்துவிடுகிறது. தூரம் சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. சின்னத் தொலைநோக்கியிலும், நகர வெளிச்சத்தை மீறி, ஒரு மங்கலான திட்டு தெரிந்தால் அதிர்ஷ்டம். அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் கருந்துளையின் எடையைப் பற்றித்தான் விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

ஒளியே வெளிவராத ஒன்றை எப்படி எடை போடுவது? அதைச் சுற்றுகிறவற்றைப் பார்த்துத்தான். எவ்வளவு தொலைவில், எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்று தெரிந்தால், நடுவில் இழுத்துப் பிடித்திருப்பதன் எடை கணக்கில் வந்துவிடும். நம் பால்வீதியின் மையத்தில் எஸ்-2 என்ற நட்சத்திரம் 16 வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அதைத் தொடர்ந்து கவனித்துத்தான் அங்குள்ள கருந்துளை சுமார் 43 லட்சம் சூரியன்களின் எடை என்று சொன்னார்கள். 2020-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

எம்-87 தொலைவில் இருப்பதால் தனி நட்சத்திரம் எதுவும் பிடிபடாது. ஒரு சாரார் மையத்தைச் சுற்றும் வாயுவின் வேகத்தை அளந்து, 350 கோடி சூரியன் என்றார்கள். இன்னொரு சாரார் நட்சத்திரங்களின் மொத்த ஒளியிலிருந்து அவற்றின் வேகத்தைப் பிரித்தெடுத்து 660 கோடி என்றார்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! கடைத் தராசு இப்படிக் காட்டினால் கடைக்காரர் தப்ப முடியுமா?

இந்த மலையில் நின்றுகொண்டு அதை யோசிக்கும்போது ஜான் ஆலன் பிரௌன் நினைவுக்கு வருகிறார். 1852-ல் இங்கே இயக்குநராக வந்த ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்த விசையை அளப்பதில் பித்துப் பிடித்தவர். நகரத்தில் எடுத்த அளவு மட்டும் அவருக்குப் போதவில்லை. உயரத்தில் அது எப்படி இருக்கும் என்று பார்க்க, காட்டு வழியே கருவிகளைச் சுமக்கவைத்து, 1855-ல் அகத்தியமலை உச்சியில், 6,000 அடிக்கும் மேலே, இன்னொரு நிலையம் போட்டார். நம் பொதிகை மலைதான். அட்டையும் மழையும் உள்ள காட்டில் மூட்டை சுமந்தவர்களை யாரும் கொண்டாடுவதில்லை.

எம்-87 வழக்குக்கும் மூன்றாவதாக ஒரு வழி தேவைப்பட்டது. பல நாட்டு ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து 2017-ல் அதைப் பார்த்தார்கள். 2019 ஏப்ரலில் படம் வெளியானது. நெருப்பு வளையத்துக்குள் ஒரு நிழல். அதன் அளவு எடைக்கு ஏற்றபடி இருக்கும். விடை: 650 கோடி. நட்சத்திரக் கட்சி ஜெயித்தது. வாயுவை ஈர்ப்பு மட்டும் நகர்த்துவதில்லை, கொந்தளிப்பும் தள்ளுகிறது. தவிர, வாயுத் தட்டு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதில் கொஞ்சம் பிசகினாலும் கணக்கு மாறிவிடும்.

நான் போன இரவில் பதினொன்றரைக்கு மேகம் மூடிவிட்டது, கோடை மழை. அப்படியானால் பால்வீதியின் மையம் உச்சிக்கு ஏறும் ஜூன் கடைசியில் வரலாமா? தனுசு ராசிப் பக்கம் அது ஐரோப்பாவில் தெரிவதைவிட இங்கே எவ்வளவோ உயரத்தில் நிற்கும். ஆனால் அப்போது திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை.