ஒட்டுக்குக் கீழே

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர்ப் பக்கம் மாங்கன்று வாங்கப் போகிறவர்கள், செந்தூராவா மல்கோவாவா என்று ரகத்தை மட்டும் கேட்டுவிட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். வேர்ச்செடி, ஒட்டுக்குச்சி, தாய்மரம் என்று நாற்றங்காலில் புழங்கும் சொற்களையும் நின்று கேட்டுக்கொள்வது நல்லது. நட்ட பிறகு அவைதான் கைகொடுக்கும்.

மல்கோவாக் கொட்டையைப் புதைத்தால் மல்கோவாவே வரும் என்று சொல்ல முடியாது. நம் மா ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே கருதான். அது மகரந்தச் சேர்க்கையால் உண்டானது. மகரந்தம் எந்த மரத்தினுடையது என்று யார் கண்டது? அதனால்தான் கொட்டையில் முளைத்த கன்றை வேருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் வேர்ச்செடி. அதன்மேல் ஏறுவது, நன்றாகக் காய்க்கும் தாய்மரத்தில் எடுத்த ஒட்டுக்குச்சி.

குச்சியை வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் காம்பை மட்டும் விட்டுக் கிள்ளிவிடுவார்கள். நுனிமொட்டு பருத்து நிற்கும். வேர்ச்செடியின் தலையைச் சீவி, நடுவே பிளந்து, ஆப்பாகச் சீவிய குச்சியை அதில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். பழகிய கைக்கு நொடி வேலை. ஆனால் ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை பொருந்தியிருக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள கேம்பியம் என்ற மெல்லிய படலம் ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். தென்னைக்கும் வாழைக்கும் அந்தப் படலம் கிடையாது, ஒட்டுக் கட்டவும் வழியில்லை.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் வேர்ச்செடியின் துளிர். புதுத்துளிர் கண்ட சந்தோஷத்தில் அதை வளரவிட்டால், அது மேலே உள்ள ரகத்தை அமுக்கிவிடும். மூன்று நான்கு வருடம் தண்ணீர் ஊற்றியவருக்குக் கடைசியில் கிடைப்பது ஏதோ ஒரு நாட்டு மாங்காய். கன்றை விற்கிறவர்கள் ஒட்டு இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி அனுப்பினாலே இந்த நஷ்டம் பாதி குறையும்.

ரோஜாத் தொட்டியிலும் இப்படி நடக்கும். கொத்தாகப் பூத்துக்கொண்டிருந்த செடி, பூவை மறந்து நெடுநெடுவென்று முள்ளும் இலையுமாக உயர்ந்தால், தூரில் மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும். மொட்டு ஒட்டிய இடம் முடிச்சாகப் புடைத்திருக்கும். அந்தக் கிளை முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால், கிளம்பிய இடத்திலேயே பிய்த்தெடுத்துவிட வேண்டும். பாதியில் வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும்.