ஒக்காருகிற ஒசரம்

சோபா வாங்குவதை ஒரு தலித் பத்திரிகையில் எழுதுவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். உட்காருவதைவிட அரசியலான காரியம் நமக்கு எது? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவியையே நாற்காலிகள் இருந்தும் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள்.

எங்கம்மா நாற்பது வருசம் ஆண்டை வீட்டு வாசலுக்கு வெளியே குந்தியவள். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது, குந்த முடியவில்லை. அதனால்தான் சோபா. கடைக்காரர் காட்டியதெல்லாம் தாழ்வான, ஆளை உள்ளே இழுக்கிற மெத்தை. பார்க்கப் பவிசுதான். முட்டிவலிக்காரி எழுந்திருக்க ரெண்டு பேர் கைகொடுக்கணும். அளவுநாடாவை வாங்கி நானே அளந்தேன். தரையிலிருந்து 18 அங்குல ஒசரம். உள்ளே ஆழம் 20க்கு மேல் போனால் குள்ளமான அவளுக்கு முதுகு சாயாது. ஊன்றி எழ மரக் கைப்பிடி. ரெக்சின் வேண்டாம், வெயிலில் தொடையில் ஒட்டும்; கழற்றித் துவைக்கிற துணி உறை. காலனி வீட்டுக் கதவு சின்னது, அதையும் அளந்துகொண்டுதான் போயிருந்தேன். முக்கியமாக முன்விளிம்பை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். அம்மா உட்காருவது அங்கேதான், யாரோ எழுப்பிவிடப் போகிற மாதிரி.

"நல்லா தள்ளி ஒக்காரும்மா."

"இருக்கட்டும்டா, அழுக்காயிடும்."

2024 தேர்தலில் ஆண்டை வீட்டுப் பேரன் ஓட்டுக் கேட்டு வந்தான். அம்மா எழுந்திருக்கவில்லை. "முட்டி வலிப்பா. நீ ஒக்காரு" என்று பக்கத்து எடத்தைக் காட்டினாள். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனான்.