அட்ஜஸ்டர் வருவதற்கு முன்

புயல் அடித்த வீட்டை உடனே தொடக்கூடாது என்பது எங்கள் கடலோரத்துப் பாடம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோதும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோதும் பலர் அப்படித்தான் இருந்தார்கள். வி.ஏ.ஓ. வந்து பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டு போகும்வரை சரிந்த ஓடு சரிந்தபடியே கிடக்கும். விழுந்த தென்னையை வெட்டி அப்புறப்படுத்திவிட்டால் கணக்கில் விட்டுப்போய்விடுமோ என்ற பயம். கண்ணால் கண்டதற்குத்தான் நிவாரணம் என்றிருக்கும் ஊரில் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது.

டெக்சாஸில் அதே பழக்கம் பணத்தைப் பறித்துவிடுகிறது.

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் மட்டகோர்டா அருகே கரை கடந்து ஹூஸ்டனுக்குள் புகுந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. கேட்டியில் இருக்கும் என் நண்பர் வீட்டில் பின்பக்கக் கூரையின் ஷிங்கிள்கள் பிய்ந்து, அடியில் இருந்த ப்ளைவுட் வெளியே தெரிந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அவருடைய அம்மா போனில் சொன்னார்: "ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் ஒண்ணையும் தொடாதப்பா. அப்புறம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுவாங்க." அவரும் தொடவில்லை. ஊர் முழுக்க க்ளெய்ம் போட்டிருந்ததால், சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் வரத் தாமதமானது. இடையில் ஜூலை மாதத்துச் சாயங்கால மழை. ஏ.சி. ஓடாத வீட்டில் ஈரம் காய வழியில்லை. அட்டிக்கில் இருந்த பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்து, படுக்கையறை சீலிங் தொய்ந்து, ஓரங்களில் கரும்பூஞ்சை புள்ளி புள்ளியாகப் பரவியது. கடைசியில் வந்த முடிவு: காற்று பிய்த்த கூரைக்குப் பணம் உண்டு, மூடாமல் விட்டதால் பிறகு நனைந்ததற்கு இல்லை.

வீட்டுப் பாலிசியின் உள்ளே இது எழுதித்தான் இருக்கிறது. சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை. அதற்கு ஆகும் நியாயமான தற்காலிகச் செலவைத் தருவது கம்பெனியின் பொறுப்பு. சேதத்துக்குக் காரணம் பாலிசியில் அடங்கியதாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. காற்று என்றால் உண்டு. தெருவிலிருந்து ஏறிவந்த வெள்ளம் என்றால் அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். செலவுக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பது அடுத்தது.

அட்ஜஸ்டர் வந்து பார்க்க எதுவும் மிஞ்சாதே என்ற கவலைக்கு விடை செல்போனில் இருக்கிறது. மூடுவதற்கு முன் வெளியே, உள்ளே, அட்டிக்கில் என்று எல்லாப் பக்கமும் படம் எடுக்க வேண்டும். பிய்ந்த ஷிங்கிளில் சிலவற்றையும் நனைந்த கார்ப்பெட்டில் ஒரு துண்டையும் எடுத்துவைக்க வேண்டும். அதன்பின் மூடிவிடலாம். நிரந்தர வேலையைத்தான் அவர் வரும்வரை தொடங்கக்கூடாது.

மூடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஓட்டைக்கு மேல் தார்ப்பாயை விரித்து நாலு மூலையில் ஆணி அடித்தால் அடுத்த காற்றிலேயே கிழிந்துபோகும். தார்ப்பாயைக் கூரையின் முகட்டைத் தாண்டி மறுபக்கம்வரை கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வழியும் தண்ணீர் அடியில் புகாது. ஓரத்தை ஒரு மரச்சட்டத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சட்டத்தோடு சேர்த்து ஸ்க்ரூ போட வேண்டும். ஈரக் கூரையில் பழக்கம் இல்லாதவர்கள் ஏறவே கூடாது. பணம் கொடுத்து ஆள் வைத்தாலும் அந்தக் கூலி நியாயமான செலவில்தான் சேரும்.

நம்மவர்கள் இழப்பது இந்தக் கணக்கில்தான். புயல் ஓய்ந்ததும் பக்கத்துத் தெரு அண்ணன் ஏணியோடு வருவார். இன்னொருவர் கராஜில் கிடந்த தார்ப்பாயைக் கொண்டுவருவார். சாப்பாடு போட்டு அனுப்புவோமே தவிர யாரிடமும் பில் கேட்க மாட்டோம். கேட்கவும் வேண்டாம். ஆனால் வாங்கிய மரம், ஸ்க்ரூ, வாடகைக்கு எடுத்த டீஹ்யுமிடிஃபயர், எல்லாவற்றுக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். கடை ரசீதின் எழுத்து காரின் வெயிலில் கிடந்தால் மங்கிவிடும். கையோடு படம் எடுத்துவிடுவது நல்லது.

பலருக்குத் தெரியாத விஷயம் டிடக்டிபிள். டெக்சாஸில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் அது பெரும்பாலும் சதவீதக் கணக்கு. 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் நம்முடையது. தார்ப்பாய் போட்ட 1,200 டாலரும் இதே கணக்கில்தான் சேரும். கூரைச் சேதம் 9,000 என்றால் மொத்தம் 10,200; கைக்கு வருவது அதிகபட்சம் 2,200. கூரைச் சேதம் 5,000தான் என்றால் மொத்தம் 6,200. ஒரு காசும் வராது. பெரிலுக்கு முன்பே, 2024 மே 16 அன்று, டெரேச்சோ என்னும் சூறைக்காற்று ஹூஸ்டனை அடித்திருந்தது. அதில் போட்ட நீலத் தார்ப்பாயைப் பெரில் பிய்த்த வீடுகளும் உண்டு. அவை இரண்டு தனி நிகழ்வுகள் என்பதால் டிடக்டிபிளும் பொதுவாக இரண்டு முறை.

டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கதவைத் தட்டும் கூரைக்காரரை நம்பக்கூடாது. 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் அது சட்டவிரோதம். கூரை வேலைக்கு இங்கே மாநில உரிமம் எதுவும் கிடையாது; பிக்கப் வண்டியும் விசிட்டிங் கார்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம். பேய்மழைக்கு நடுவே பேனாவை நீட்டினால் பயத்தில் முழுக் கூரை வேலைக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். தார்ப்பாய்க்கு மட்டும் தனியாக எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

சேதம் பெருகாமல் தடுக்கும் கடமையை வீட்டுக்காரர்மேல் வைத்திருப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். சேதம் நடக்கும் இடத்தில் இருப்பவரால்தான் அதைத் தடுக்க முடியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் க்ளெய்முக்கு நம்பர் கொடுக்கும் முதல் போன் பேச்சு. "இப்போதே மூடுங்கள், படம் எடுங்கள், ரசீதை வையுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? என் நண்பரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. க்ளெய்ம் கிடைத்ததும் 15 நாளில் ஒப்புகை தந்து விசாரணையைத் தொடங்கச் சட்டம் கம்பெனியைக் கட்டுப்படுத்துகிறது. பெரும் பேரிடர் என்று அறிவித்தால் மேலும் 15 நாள் கூடும். அந்தக் காலமெல்லாம் மழை காத்திருப்பதில்லை.

புயல் அடித்த காலையில் நண்பருடைய மகள், பள்ளித் தோழிக்கு அனுப்புவதற்காக, சொட்டுகிற சீலிங்கைப் படம் எடுத்திருந்தாள். தேதியும் நேரமும் போனிலேயே பதிவாகியிருந்தது. காற்று திறந்த ஓட்டை வழியாக முதல் இரவே இறங்கிய மழைக்கு, யாரும் மூட அவகாசம் இல்லாத நேரத்துச் சேதத்துக்கு, பாலிசியில் இடம் உண்டு. அந்தப் படத்தை வைத்து மறுஆய்வு கேட்டார். படுக்கையறை சீலிங்கில் ஒரு பகுதிக்குப் பணம் வந்தது. பூஞ்சையை எடுத்த செலவு வரவில்லை. அதற்கு மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் எழுதியிருக்கிறார். புகாருக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் புகாரின் வரிகளை நானும் அவருடன் உட்கார்ந்து திருத்தினேன்.