ஆல்டர்னேட்டருக்கு எந்த கேபிள்?

காரில் பெரிய ஆம்ப்ளிஃபயர், கூடுதல் விளக்குகள் என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் ஒரு கட்டத்தில் ஆல்டர்னேட்டரையும் மாற்றிவிடுவார்கள். 45 ஆம்பியர் இருந்த இடத்தில் 90. ஆனால் அங்கிருந்து பேட்டரிக்குப் போகும் கேபிள் மட்டும் பழையதே! அப்புறம் பேட்டரி சீக்கிரம் போய்விட்டால் திட்டு வாங்குவது பேட்டரி கம்பெனிக்காரர்.

கொஞ்சம் கணக்கு (பிளஸ் டூ இயற்பியல்தான், பயப்பட வேண்டாம்). 1 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி, மீட்டருக்குச் சுமார் 0.0172 ஓம் தடை தரும். பழைய கேபிள் 6 சதுர மி.மீ., நீளம் ஒன்றரை மீட்டர் என்றால் தடை 0.0043 ஓம். இவ்வளவுதானா என்று தோன்றும். அதில் 90 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.39 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. கூடவே 35 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை கேபிளுக்குள் ஒளித்துவைத்த மாதிரி! முன்பு 45 ஆம்பியரில் இந்தச் சூடு 9 வாட்கூட இல்லை. மின்னோட்டம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு.

அந்த 0.39 வோல்ட் அற்பமில்லை. ஆல்டர்னேட்டர் 14.2 தந்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.8. பேட்டரி முனையில் மாட்டிய ஆம்ப்ளிஃபயருக்கும் இதே கேபிள் வழியாகத்தான் மின்சாரம் வர வேண்டும். அது பாடும்வரை பேட்டரிக்குச் சரியான சார்ஜ் ஏறாது. லெட்-ஆசிட் பேட்டரி அரை வயிற்றோடே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அதுதான் அதன் சாவு. இதே இடத்தில் 25 சதுர மி.மீ. கேபிள் போட்டால் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே.

கடையில் ‘கேஜ்’ கணக்கில் சொன்னால் கவனம். எண் குறையக் குறைய கம்பி தடிமன். 4 கேஜ் சுமார் 21 சதுர மி.மீ., 8 கேஜ் 8 சொச்சம்தான். விலை மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு பூசியவை. அதே தடையில் நிற்க வேண்டுமென்றால் ஒன்றரை மடங்குக்கும் மேல் தடிமன் வேண்டும். வீட்டு வயரும் வேண்டாம். என்ஜின் சூட்டுக்கும் அதிர்வுக்கும் மெல்லிய இழைகள் நிறைந்த, வெப்பம் தாங்கும் உறையுள்ள ஆட்டோ கேபிள்தான் தாக்குப்பிடிக்கும்.

ஃபியூஸ் பேட்டரி பக்கம் இருக்க வேண்டும். கேபிள் உரசி பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவது பேட்டரிதான். தீப்பிடிப்பதும் அப்படித்தான்.

எல்லோரும் மறப்பது எர்த். என்ஜின் ரப்பர் மவுண்ட்கள்மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதை இணைப்பது ஒரு பட்டைக் கேபிள். அது துருப்பிடித்துவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். பழைய கார்களில் ஸ்டார்ட் செய்யும்போது கிளட்ச் கேபிள் சூடாவது இதனால்தான் :)

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. என்ஜினைக் கொஞ்சம் உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டு, ஹெட்லைட், ஃபேன், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பிளஸ் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கேபிளோ அதன் முனையோ சரியில்லை. பிறகு ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே இதையே செய்யுங்கள். எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்று மீட்டரே சொல்லிவிடும்.