ஆத்தங்குடிக் கல்லும் மாடிப்படியும்

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு அருகே இருக்கிறது ஆத்தங்குடி. ஊருக்குள் நுழைந்தால் வழிநெடுகக் கொட்டகைகள். வாசலில் சாய்த்து அடுக்கிய பூப்போட்ட கற்கள், உள்ளே மணல் குவியல், மூலையில் தண்ணீர்த் தொட்டி. கட்டிக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டு மாடித் தரைக்கும் படிக்கட்டுக்கும் கல் பார்க்கத்தான் அங்கே போனேன். அப்போது தரைத்தளத்துத் தூண்கள் எழும்பியிருந்தன. படிக்கட்டுக்கு இன்னும் கம்பி கட்டவில்லை.

ஒரு கொட்டகையில், ஐம்பதைக் கடந்த ஒருவர் தரையில் சம்மணமிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். "வாங்க தம்பி, உட்காந்து பாருங்க" என்று பக்கத்தில் இடம் காட்டினார்.

சதுரக் கண்ணாடி ஒன்றைத் துணியால் துடைத்து முன்னால் வைத்தார். அதைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தடுப்புகள் கொண்ட அச்சு. சிமெண்டோடு ஆக்சைடு சேர்த்துக் கரைத்த சாயத்தைக் கரண்டியால் மொண்டு, இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, நடுவே மஞ்சள் என்று அறை அறையாக ஊற்றினார். பிறகு அச்சை நேராக மேலே தூக்கினார். தடுப்பு போன பிறகும் நிறங்கள் கலக்கவில்லை. கை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் இதழின் விளிம்பு கலைந்திருக்கும். உடனே சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவினார். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சாயத்தை இருந்த இடத்திலேயே நிறுத்துகிறது. அதன்மேல் ஈரக்கலவையைப் போட்டு, கரணையால் அழுத்தி மட்டம் செய்தார்.

இப்படிப் பூ அடியிலும் முதுகு மேலுமாக உருவாகும் கல், இறுகிய பின் தண்ணீர்த் தொட்டிக்குள் போகிறது. சில நாள் ஊறிக் காய்ந்தால் கண்ணாடி கழன்று வந்துவிடும். அதன் வழவழப்பு மட்டும் கல்லின் முகத்தில் தங்கிவிடும். குஜராத்தின் மோர்பியில் விட்ரிஃபைடு டைல்ஸைச் சுமார் 1,200 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளையே கிடையாது. அதற்கு உறுதி தருவது தண்ணீர். உருவம் தருவது அந்தக் கை.

"படிக்கும் இதையே போட்டுறலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"மிதிக்கிற எடத்துல வேணாம் தம்பி. ஏறுறவன், எறங்குறவன் காலு எல்லாம் படியோட ஓரத்துலதான் விழும். இது சிமெண்ட் கல்லு, ஓரம் தெறிச்சுரும். ஈரக்காலோட வந்தா வழுக்கவும் செய்யும். நிமிந்து நிக்கிற பக்கத்துல போடுங்க. பூவும் தெரியும், காலும் படாது."

எத்தனை கல் போட்டாரோ அத்தனைக்குத்தான் அவருக்குக் கூலி. இருந்தும், பொருந்தாத இடத்தில் தன் கல் போவதை அவர் விரும்பவில்லை. தொழிலை அறிந்தவரின் நேர்மை அது. மொட்டை மாடிக்கும் குளியலறைக்கும்கூட அவர் தன் கல்லைச் சொல்லவில்லை.

கல் பாவும் மேஸ்திரி ஒருவர் அப்போது லோடு ஏற்ற வந்திருந்தார். வெளியூர் வீடுகளுக்குக் கல் போகும்போது அதைப் பாவுகிறவர்களும் கூடவே போவதுண்டு. எங்கள் வீட்டு விவரத்தைக் கேட்டவர், நிறத்தையோ டிசைனையோ பற்றிப் பேசவில்லை. "படிக்குக் கான்கிரீட் போட்டாச்சா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றதும், "அப்ப சரி" என்று செங்கல் துண்டை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தார்.

அவர் விளக்கிய கணக்கு இது. ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலக் கனம். அடியில் கலவை ஒன்றே முக்கால் அங்குலம் என்றால் மாடித் தரை இரண்டரை அங்குலம் உயரும். படியில் கிரானைட் போட்டால் கல்லும் கலவையுமாக ஒன்றரை அங்குலம்தான். எல்லாப் படியையும் ஆறரை அங்குல ஏற்றத்தில் சமமாக வார்த்துவிட்டால், கடைசிப் படியிலிருந்து மாடிக்குக் கால் வைக்கும் ஏற்றம் மட்டும் ஏழரை ஆகிவிடும். கீழ்த்தளத்திலும் இதே கல் என்றால், முதல் படி ஐந்தரையாகக் குறைந்துபோகும். ஏறுகிற கால் இரண்டு படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்கிறது. பிறகு கண் பார்ப்பதில்லை. அந்த ஓர் அங்குலத்தில்தான் தடுக்கி விழுகிறோம். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு ஏற்றம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் மிதியின் அகலம் 250-க்குக் குறையக்கூடாது என்கிறது. ஏழரை அங்குலம் அந்த வரம்பையே தொட்டுவிடுகிறது. ஆகவே வார்க்கும்போதே முதல் படியை ஏழரையாகவும் கடைசி ஏற்றத்தை ஐந்தரையாகவும் வைத்துவிட்டால், தரை போட்டு முடித்ததும் எல்லாம் ஆறரையில் வந்து நிற்கும். கான்கிரீட் இறுகிய பிறகு இதைச் சரிசெய்யக் கொத்தித்தான் ஆக வேண்டும்.

பாரத்தையும் அவரே நினைவூட்டினார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: கல்லும் கலவையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 130, 140 கிலோ. பசையில் ஒட்டும் மெல்லிய டைல்ஸ் இதில் கால் பங்குகூட வராது. தளத்தின் கம்பியைக் கணக்கிடும் பொறியாளருக்கு இது முன்னதாகவே தெரிய வேண்டிய செய்தி.

மிதிக்கு என்ன கல் என்று மேஸ்திரியிடம் கேட்டிருந்தேன். கோட்டா கல், அல்லது பளபளப்பு ஏற்றாத கிரானைட் என்றார். பாலிஷ் கிரானைட்தான் வேண்டுமென்றால் ஓரத்தில் இரண்டு மூன்று வரி கீறிவிட வேண்டும். படியின் மூக்கை லேசாக உருட்ட வேண்டும், கூராக விடக்கூடாது. மிதியும் ஏற்றமும் ஒரே நிறமாக இருந்தால் வயதானவர்களுக்குப் படி எங்கே முடிகிறதென்று தெரியாது. மிதிக்குச் சாம்பல் நிறக் கோட்டாவும் ஏற்றத்துக்குப் பூப்போட்ட கல்லும் என்றால், அழகோடு அந்த எச்சரிக்கையும் சேர்ந்துவிடுகிறது. ஏற்றத்துக்கு அறுக்கும்போது பூ பாதியில் வெட்டுப்படாதிருக்க, படியின் உயரத்தைச் சொல்லிக் கொட்டகையிலேயே ஏற்ற டிசைனைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னார்: "வேலை முடிஞ்சு கழுவுறப்ப ஆசிட் மட்டும் தொடவே கூடாது." சிமெண்டை அரிக்கும் ஆசிட், கண்ணாடி கொடுத்த வழவழப்பை ஒரே கழுவலில் தின்றுவிடும். உமியால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். அதற்குப் பிறகு நடக்க நடக்க மெருகு கூடும்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அந்த வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் காலடியில் இருக்கும் தரையைப் படம் எடுக்கிறார்கள். அதை வார்த்தவரையும் பாவியவரையும் நாம் கேட்பதே இல்லை. வீடு கட்டும் வரிசையில் அவர்களை எல்லாரும் போன பிறகு, கடைசியில்தான் கூப்பிடுகிறோம். வழுக்கும் படி, தடுக்கும் ஏற்றம், பாதி வெட்டுப்பட்ட பூ எல்லாம் இந்தத் தாமதத்தால் வருகிறவை.

வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மாடிக்கும் படிக்கும் எந்தக் கல் என்பதைப் படிக்கட்டுக்குக் கம்பி கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். அன்றே கல் பாவும் மேஸ்திரியை வரவழைத்துப் பொறியாளரோடு உட்கார வைத்து, உயரக் கணக்கை ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். அன்று அவர் கரணையைத் தொடமாட்டார். ஆனாலும் அந்த நாளின் முழுக் கூலியையும் கொடுத்து அனுப்புங்கள்.