டிசம்பர் அறிவிப்பும் நம் ஜனாஸாக்களும்

டிசம்பர் பிறந்து இரண்டு வாரங்களுக்குள் கவுன்சிலின் அறிவிப்புத் தாள் ஒன்று கதவுத் துவாரத்தின் வழியே வீட்டினுள் வந்து விழும். சில கவுன்சில்கள் அதை இப்போது மின்னஞ்சலில் மட்டுமே அனுப்புகின்றன. பனித்துளிகளும் சிவப்புக் கனிகளும் வரையப்பட்ட ஓரங்களுக்கு நடுவே, கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் காலச் சேவைகள் என்ற தலைப்பு இருக்கும். லண்டனில் வாழும் தமிழ் முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் அந்தத் தாள் பிரிக்கப்படாமலேயே மறுசுழற்சித் தொட்டிக்குள் போய்விடுகிறது. நம் பெருநாள் அன்று, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

தாளின் பெரும்பகுதி குப்பையைப் பற்றியது என்பது உண்மைதான். எந்தத் தொட்டி எந்த நாளுக்கு மாறுகிறது, தோட்டக் கழிவு எடுப்பது எப்போது நின்று எப்போது மீண்டும் தொடங்கும், அலங்கரித்த மரங்களை ஜனவரியில் எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பன போன்ற செய்திகள். மரம் நம் வீடுகளில் இல்லை. ஆயினும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, பெரியவர்களுக்கு வேலை விடுமுறை, உறவினர் அனைவரும் ஒரே வீட்டில் கூடும் நாட்கள் அவை. ஹலால் வான்கோழி இப்போது நம் கறிக்கடைகளிலேயே கிடைக்கிறது. அதை நம் பெண்கள் பிரியாணி ஆக்கிவிடுகிறார்கள் என்பது வேறு கதை. சமைத்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர் என்று அறிவிப்பு சொல்வதை வீண் பேச்சாகக் கொள்ள வேண்டாம். 2017 செப்டம்பரில் வைட்சேப்பல் சாலையின் அடியில், சாக்கடைக் குழாயை அடைத்துக் கிடந்த கொழுப்புக் கட்டியின் நீளம் 250 மீட்டர், எடை 130 டன். நம்மவர்கள் தொழுகைக்கு நடந்து செல்லும் சாலை அது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கற்றவர்கள், பாதைக்கு அடியில் சேரும் தொல்லையையும் அதில் சேர்த்துக் கொள்ளலாம்.

ஆனால் எங்கள் கருத்தில், அந்தத் தாளின் மிக முக்கியமான செய்தி குப்பையைப் பற்றியது அன்று. பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், நூலக நேரங்களுக்கும் நீச்சல் குள நேரங்களுக்கும் கீழே, இரண்டு மூன்று வரிகளில் அது இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவாளர் அலுவலகம் எந்தெந்த நாட்களில் மூடியிருக்கும். சமயக் காரணங்களுக்காக உடனே அடக்கம் செய்ய வேண்டியவர்கள் எந்த எண்ணை, எந்த நேரத்தில் அழைக்க வேண்டும். சில கவுன்சில்களில் அந்த நேரம் காலையில் ஒரு மணி மட்டுமே.

ஊரில் இதற்கெல்லாம் அவசியம் இருந்ததில்லை. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ காத்தான்குடியிலோ சுபுஹுக்கு ஒருவர் வஃபாத்தானால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். பல வேளைகளில் அஸருக்குள் அடக்கம் முடிந்துவிடும். இங்கே மையவாடிக்கும் மய்யித்துக்கும் இடையே மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. மருத்துவர் இறப்பின் காரணத்தை எழுதிச் சான்றளிக்க வேண்டும். பதிவாளர், நாம் பச்சைப் படிவம் என்று சொல்லும் அனுமதியைத் தர வேண்டும். இறப்பில் ஐயம் ஏதேனும் இருந்தால், இவை இரண்டுக்கும் முன்னர் கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரி இசைய வேண்டும். மற்ற மாதங்களில் இவை ஓரிரு நாட்களில் நடந்தேறும். டிசம்பர் கடைசி வாரத்தில் மூவருமே விடுமுறையில் இருக்கக்கூடும்.

2022இல் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கள் பாக்ஸிங் டே. ஞாயிறுக்கு ஈடான விடுமுறை செவ்வாய். முந்தைய சனியையும் சேர்த்து நான்கு நாட்கள் அலுவலகங்கள் மூடியிருந்தன. அந்த நான்கு நாட்களை ஒட்டி எங்கள் ஜமாஅத்தில் இரண்டு மௌத்துகள் நிகழ்ந்தன.

முதலாமவர் கிழக்கிலங்கையிலிருந்து வந்து நெடுங்காலம் இங்கே வாழ்ந்த முதியவர். சனிக்கிழமை சுபுஹு நேரத்தில் மருத்துவமனையில் காலமானார். மகன் முதலில் கேட்ட கேள்வி, இரவுப் பணி மருத்துவர் எப்போது வீட்டுக்குப் போகிறார் என்பதுதான். தந்தையின் உடல் அருகில் இருக்க, அப்படி ஒரு கேள்வியைக் கேட்க மனத்திடம் வேண்டும். மருத்துவர் பணி முடிந்து செல்லுமுன் சான்றிதழை எழுதிப் பதிவாளருக்கு அனுப்பிவைத்தார். மருமகள் கவுன்சில் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தார். அதிலிருந்த எண்ணைக் காலை ஒன்பது மணிக்கு அழைத்தார்கள். பதிவாளர் ஒருவர் விடுமுறையை விட்டு அலுவலகத்துக்கு வந்து கதவைத் திறந்தார். முழுப்பதிவு அடுத்த வேலைநாளில் செய்துகொள்ளலாம், அடக்கத்துக்கு மட்டும் இப்போது அனுமதி தருகிறேன் என்றார். சட்டம் அதற்கு இடம் தருகிறது. கேட்பவர்களுக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் கிறிஸ்துமஸ். லண்டனில் அன்று பேருந்தும் இல்லை, பாதாள ரயிலும் இல்லை. கார் வைத்திருப்பவர்கள் யார் யாரை எங்கே ஏற்றிக்கொள்வது என்று முந்தைய இரவே பட்டியல் எழுதப்பட்டது. லுஹருக்குப் பின் ஜனாஸாத் தொழுகை. அங்கே டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அஸர் நேரம் நுழைவதற்குள் மண் தள்ளி முடித்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டாமவர் புற்றுநோயால் வீட்டிலேயே படுத்திருந்தவர். வெள்ளிக்கிழமை 23ஆம் தேதி இரவு அவர் வஃபாத்தானார். அவசரத்துக்கு வந்த மருத்துவர் உயிர் பிரிந்துவிட்டதை உறுதி செய்தார். ஆனால் அவர் நோயாளியை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆகவே காரணத்தை எழுத இயலவில்லை. சிகிச்சை அளித்துவந்த குடும்ப மருத்துவரின் நிலையம் புதன்கிழமைதான் திறந்தது. சான்றிதழ் புதன், பதிவு வியாழன். அடக்கம் 30ஆம் தேதி, வெள்ளி ஜும்ஆவுக்குப் பின். ஏழு நாட்கள். அவருடைய மனைவி ஒவ்வோர் இரவும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: “இன்னும் குளிப்பாட்டலையா?” பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாவு எழவில்லை.

யார்மீதும் பழி சொல்வதற்கில்லை. அந்த மருத்துவருக்கும் குடும்பம் உண்டு, விடுமுறை உண்டு. ஆனால் நோயின் முடிவு அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. டிசம்பர் நடுவில் நிலையத்துக்கு ஒருமுறை சென்று, விடுமுறையில் மௌத்து நேர்ந்தால் சான்றிதழ் யார் எழுதுவார் என்று கேட்டிருந்தால், இன்ஷா அல்லாஹ், வழி ஒன்று கிடைத்திருக்கும். நோயாளி உயிரோடு இருக்கையில் அப்படிக் கேட்பது அபசகுனம் என்று நம் வீடுகளில் தயங்குகிறார்கள். கஃபன் துணியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்ட பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள் நாம்; இந்தத் தயக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அதன்பின் சட்டமும் மாறியிருக்கிறது. 2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், கொரோனரிடம் செல்லாத ஒவ்வோர் இறப்பையும் மருத்துவ ஆய்வாளர் ஒருவர் சரிபார்த்த பிறகே சான்றிதழ் பதிவாளருக்குப் போகிறது. இதில் நன்மையும் உண்டு: நோயாளியின் வாழ்நாளில் அவருக்குச் சிகிச்சை அளித்த எந்த மருத்துவரும் இப்போது சான்றிதழ் எழுதலாம். எனினும் கையெழுத்துகளில் ஒன்று கூடிவிட்டது. ஆகவே, பதிவாளரின் விடுமுறை எண்ணோடு, உங்கள் பகுதி மருத்துவ ஆய்வாளர் அலுவலகம் விடுமுறை நாட்களில் இயங்குமா என்பதையும் மருத்துவமனையில் கேட்டு வையுங்கள்.

கொரோனரிடம் சென்ற உடலுக்கு விரைவு கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. உள் வடக்கு லண்டனில் ஒரு காலத்தில், சமயக் காரணத்துக்காக எந்த இறப்புக்கும் முன்னுரிமை இல்லை, வந்த வரிசைதான் என்ற விதி இருந்தது. யூத அடக்கச் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. அந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வழக்காடியவர்கள் அவர்கள், அதன் பலன் நமக்கும் கிடைத்தது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆசை.

உடலை ஊருக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர்க்கு இன்னொரு படியும் உண்டு. நாட்டைவிட்டு உடல் வெளியேறுவதைக் கொரோனருக்கு அறிவித்து இசைவு பெற வேண்டும். அதன்பின் விமானத்தில் இடம் கிடைக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் அதற்கு எத்தனை நாட்கள் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மௌத்தான இடத்திலேயே அடக்குவதே நலம் என்பது எங்கள் கருத்து. ஆனால் இதைக் குடும்பத்தார் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு பேசும் பேச்சு அன்று இது.

இவ்வாண்டு, 2025இல், கிறிஸ்துமஸ் வியாழன், பாக்ஸிங் டே வெள்ளி, அதையடுத்துச் சனி, ஞாயிறு. மறுபடியும் நான்கு நாட்கள். ஒவ்வொரு கவுன்சிலின் எண்ணும் நேரமும் வேறு வேறு. நம் ஜமாஅத்தார் ஒரே கவுன்சிலுக்குள் வாழ்பவர்களும் அல்லர். ஆதலால் டிசம்பர் 19 ஜும்ஆவுக்கு வரும்போது உங்கள் கவுன்சிலின் அறிவிப்புத் தாளைக் கையோடு கொண்டு வாருங்கள். எண்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதிப் பள்ளியின் செருப்பு அடுக்குக்கு மேலே ஒட்டப் போகிறோம். கார் தரக்கூடியவர்கள் தங்கள் பெயரை அதன் கீழே எழுதுங்கள். 25ஆம் தேதி ஓட்டத் தயாராக இருப்பவர்கள் பெயருக்கு எதிரே ஒரு குறி இடுங்கள்.