பச்சை மஞ்சள் வயர் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும் பழைய மாணவர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசித்தால் நல்லது.

எங்கள் பாடசாலைக் களஞ்சிய அறையில் ஒரு பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர் கிடந்தது. பிளாஸ்டிக் தாளில் எழுதி மேலே வைத்தால் சுவரில் பெரிதாகக் காட்டுமே, அதுதான். பல்ப் போய்ப் பல வருடம். தரம் 11 பிள்ளைகள் மூன்று பேர் அதிபரிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டு போனார்கள். இரும்புப் பெட்டியையும், மேற்தட்டில் வரிவரியாக இருக்கும் பிரெனெல் வில்லையையும், தலைப்பக்கத்து வில்லையையும் கண்ணாடியையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். உள்ளே பழைய பல்புக்குப் பதிலாக 100 வொட் எல்ஈடி. மேலே, உடைந்த மடிக்கணினி ஒன்றிலிருந்து கழற்றி, பின்பக்க வெளிச்சத் தாள்களை உரித்தெடுத்த திரை. திரைக்கு ஒரு கன்ட்ரோலர் போர்ட், எல்ஈடிக்கு ஒரு ட்ரைவர், விசிறிக்கும் போர்டுக்கும் 12 வோல்ட் பவர் சப்ளை. இதுதான் முழு மெசின். பாடசாலையில் இருப்பது ஒரே ஒரு மல்டிமீடியா, அதற்கு எப்போதும் வரிசை. அதனால் இவர்கள் தங்களுடையதற்கும் "மல்டிமீடியா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மாஷா அல்லாஹ், இருட்டிய அறையில் ஆறடி அகலத்துக்கு நல்ல படம் வந்தது. ஆனால் இரண்டு கோளாறு. பத்து நிமிடத்தில் வெளிச்சம் அணைந்து அணைந்து எரியத் தொடங்கும். மற்றது, பெட்டியைத் தொட்டால் கை சுண்டும்.

வெளிச்சக் கதையை முதலில் சொல்கிறேன். "எல்லா வயரையும் மீற்றர்ல பாத்துட்டம் சேர், எல்லாமே பீப் அடிக்குது" என்றார்கள். பீப் சத்தத்துக்கு மல்டிமீற்றர் அனுப்பும் மின்னோட்டம் ஒரு மில்லி அம்பியர் அளவுதான். இந்த எல்ஈடி குடிப்பதோ 3 அம்பியர். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடக்கிறார் என்பதற்காக அதில் லொறி போகும் என்று சொல்ல முடியாது. வேலை செய்யும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

அதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வைத்தேன். வெளிச்சம் அணையும் நேரம் விசிறி நிற்கிறதா? இல்லை. திரையில் படம் போகிறதா? டோர்ச் அடித்துப் பார்த்தால் படம் இருக்கிறது. அப்படியென்றால் பிளக், சுவிட்ச், பியூஸ், 12 வோல்ட் சப்ளை எல்லாம் சுகம். மிச்சமிருப்பது ட்ரைவர், இரண்டு வயர், எல்ஈடி. பெட்டி முழுவதையும் கழற்றத் தேவையில்லை.

ட்ரைவருக்கு வெளியே வரும் 30 வோல்ட் பக்கத்தில் மட்டும் மீற்றரை வைத்தோம். வெளிச்சம் அணைந்தபோது ட்ரைவரின் முனையில் 38 வோல்ட், எல்ஈடியின் முனையில் பூச்சியம். ட்ரைவர் தருகிறது, எல்ஈடிக்குப் போய்ச் சேரவில்லை. எரியும்போது அளந்தால் சிவப்பு வயருக்கும் அது பற்றவைக்கப்பட்ட புள்ளிக்கும் இடையில் மட்டும் 0.9 வோல்ட். நல்ல பற்றில் இது சில மில்லி வோல்ட்தான் வர வேண்டும். 0.9 ஐ 3 ஆல் பெருக்கினால் 2.7 வொட். அவ்வளவு சூடும் மிளகளவு ஈயப் பொட்டுக்குள். சூடேற விரிந்து விலகும், ஆறினால் திரும்ப ஒட்டும். அதுதான் அந்தக் கண் சிமிட்டல்.

காரணமும் எளியது. எல்ஈடியைப் பெரிய அலுமினிய ஹீட் சிங்கில் பூட்டிய பிறகு 25 வொட் சோல்டரிங் அயனால் பற்றவைத்திருக்கிறார்கள். அயன் கொடுத்த சூட்டை அலுமினியம் குடித்துவிட்டது. ஈயம் மேலே உருண்டு நின்றது, கீழே ஒட்டவில்லை. எல்ஈடியைக் கழற்றி, 60 வொட் அயனால் புள்ளிக்கும் வயருக்கும் தனித்தனியாக ஈயம் ஏற்றி, பிறகு சேர்த்து, புதிதாகப் பேஸ்ட் பூசிப் பூட்டினார்கள். இரண்டு பாடவேளை, 80 நிமிடம், சிமிட்டாமல் எரிந்தது. (யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால்: எரியும் எல்ஈடியை நேராகப் பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றினாலும் பவர் சப்ளைக்குள் இருக்கும் கொள்ளளவியில் 300 வோல்டுக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கும். பிளக் செருகியிருக்கும்போது 230 பக்கத்தில் பிள்ளைகளின் கை போகவே கூடாது.)

இப்போது கை சுண்டும் கதை. இதற்காகத்தான் இந்தப் பதிவு.

"அது அடாப்டர்ல வாறதுதான் சேர், செருப்பப் போட்டுட்டுத் தொட்டாச் சரி" என்றார் ஒருவர். பெட்டிக்குப் பிளாஸ்டிக் ஒட்டச் சொன்னார் இன்னொருவர். பெட்டி செய்த பிள்ளை மட்டும் ஒன்று சொன்னான்: "எங்கட வீட்டுல இது ஒண்டும் இல்ல சேர். இஞ்ச கொண்டந்தாத்தான் சுண்டுது."

பெட்டி அதேதான், வயரும் அதேதான், மாறியது சுவர் மட்டும்.

லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் என் பழைய மாணவர். மஃரிபுக்குப் பிறகு வந்தார். முதலில் பெட்டியைப் பார்த்தார். இரும்பு உடலிலிருந்து பிளக்கின் பெரிய முனை வரை பச்சை மஞ்சள் வயர் ஒழுங்காகப் பூட்டப்பட்டிருந்தது. பிறகு அந்த அறைச் சுவரில் செருகினார். உடலுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 97 வோல்ட். டெஸ்ட் லாம்ப் பிடித்தால் எரியவில்லை. லைவ் வயர் நேராக உடலில் பட்டிருந்தால் எரிந்திருக்கும். இது பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு கொள்ளளவிகள் வழியாக வரும் கசிவு. ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவு. எர்த் இருந்தால் அதன் வழியே சத்தமில்லாமல் மண்ணுக்குப் போயிருக்கும்.

மெயினை அணைத்து சொக்கெட்டைக் கழற்றினார். சிவப்பு இருக்கிறது, கறுப்பு இருக்கிறது. எர்த் முனையில் ஸ்க்ரூ மட்டும், பெயின்ட் கூடக் கலையாமல்.

அந்தக் கட்டடத்தில் ஒன்பது சொக்கெட் பார்த்தோம். ஐந்துக்கு எர்த் இல்லை. அந்த ஐந்தும் பின்னர் நீட்டிக் கட்டிய பகுதியில். குழாய்க்குள் இரண்டு வயர்தான் இழுத்திருக்கிறார்கள். யார் செய்தது என்ற விசாரணை எனக்கு வேண்டாம்.

கணினி அறையும் அந்தப் பகுதிதான். பன்னிரண்டு இரும்புப் பெட்டி. அங்கே பிள்ளைகள் ஒன்றுக்கு "சுண்டுற கொம்பியூட்டர்" என்று பெயரே வைத்திருக்கிறார்களாம்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்கே சேர்" என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, பட்டனை அழுத்தினால் விழுகிறது. ஆனால் அது விழ 30 மில்லி அம்பியர் அளவு எங்காவது வெளியே ஓட வேண்டும். எர்த் இருக்கும் இடத்தில், ஒரு லைவ் வயர் கழன்று பெட்டியில் பட்ட உடனேயே, யாரும் தொடாமலே விழும். எர்த் இல்லாத இடத்தில் அந்தப் பெட்டி 230 வோல்டோடு பேசாமல் காத்திருக்கும். முதலில் தொடும் பிள்ளையின் உடம்புதான் அதற்கு வழி. ட்ரிப் அதற்குப் பிறகுதான் விழும். விழுந்தால் அல்ஹம்துலில்லாஹ்.

விஞ்ஞானப் பாடத்தில் கபிலம், நீலம், பச்சை மஞ்சள் என்று மூன்று முனை பிளக் வரையச் சொல்லிப் புள்ளி போடுகிறோம். அதே பிள்ளைகள் வீட்டில் பேனையை மேல் துளைக்குள் குத்தித் திறந்து இரண்டு முனை பிளக்கைச் செருகுகிறார்கள். அந்தப் பெரிய முனை கதவு திறக்கும் சாவி மட்டும்தான் என்று பெரியவர்களே நினைத்தால் பிள்ளைகளை என்ன சொல்வது?

கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அந்த அறையில் போட நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. பிறகு எர்த் உள்ள ஆய்வுகூடத்துக்கு மாற்றினோம். அங்கே உடலில் அளந்தால் பூச்சியம். பெற்றோர் வந்து தொட்டும் பார்த்தார்கள், படமும் பார்த்தார்கள்.

கணினி அறையின் மெயினை அதிபர் அணைத்துப் பூட்டிவிட்டார். ஐந்து சொக்கெட்டுக்கும் புதிதாக எர்த் வயர் இழுக்க வேண்டும், வெளியே செம்பு பூசிய எர்த் ரொட் ஒன்றும் இறக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் கூலி வேண்டாம் என்கிறார், வயரும் ரொட்டும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பார்க்கும். இன்ஷா அல்லாஹ் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு வேலை. கற்தரை, ரொட் இலேசில் இறங்காது. சம்மட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கொண்டுவாருங்கள்.